‘இஸ்கூல்’ என்று படித்த பையன்: ஆங்கில உச்சரிப்பில் எதை முதலில் திருத்துவது?

கரும்பலகை (தொடக்கப் பதிவு)

வணக்கம். திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறேன். ஆறாம் வகுப்பில் 38 பிள்ளைகள். இரண்டு வாரத்துக்கு முன்பு ஒரு பையனை எழுப்பிப் பாடத்தை வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். ‘ஸ்கூல்’ என்று இருந்ததை ‘இஸ்கூல்’ என்றான். அடுத்த வரியிலேயே ‘இஸ்டேஷன்’ வந்தது. வகுப்பு முழுவதும் சிரித்துவிட்டது. அதட்டி அடக்கினேன். ஆனால் அன்றிலிருந்து அவன் வாய் திறப்பதே இல்லை. முறை வரும்போது எழுந்து நிற்கிறான், புத்தகத்தைப் பார்க்கிறான், உட்கார்ந்துவிடுகிறான். கணக்கில் கெட்டிக்காரன்.

அவன் தவறாகச் சொன்னான் என்பது எனக்குத் தெரிகிறது. ஏன் அப்படிச் சொன்னான், அதை எப்படி மாற்றுவது என்பது தெரியவில்லை. எனக்குப் பாடம் சொன்னவர்கள் எழுத்தைப் பார்த்துப் படித்தவர்கள். நானும் அப்படியே படித்தேன். பயிற்சி வகுப்புகளில் இலக்கணமும் விளையாட்டு முறைகளும் சொன்னார்கள். நாக்கு எங்கே இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

ஒரு பாடவேளை 45 நிமிடம். அதில் உச்சரிப்புக்குப் பத்து நிமிடம் ஒதுக்கலாம். அந்தப் பத்து நிமிடத்தில் எதை முதலில் எடுப்பது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

புலவர்_தஞ்சை

அம்மா, நான் 31 ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்தவன். ஆங்கிலத்தில் எனக்குப் பெரிய புலமை இல்லை. ஆனால் அந்தப் பையன் செய்த காரியம் எனக்கு நன்றாகத் தெரிந்த காரியம்.

அவன் இலக்கணப்படி பேசியிருக்கிறான். தமிழில் எந்த எழுத்து சொல்லுக்கு முதலில் வரலாம், எது வரக்கூடாது என்று தொல்காப்பியமும் நன்னூலும் வகுத்து வைத்திருக்கின்றன. மெய்யெழுத்து தனியாக நின்று சொல்லைத் தொடங்காது. ரகர, லகர வரிசைகளும் தொடங்கா. அதனால்தான் ரத்தம் ‘இரத்தம்’ ஆனது. லாபம் ‘இலாபம்’ ஆனது. ரோமம் ‘உரோமம்’ ஆனது. முன்னால் ஓர் உயிரை வைத்து, வந்த சொல்லை வாசல்படி ஏற்றினார்கள் நம் முன்னோர். ‘இஸ்கூல்’ என்று அவன் வைத்ததும் அதே இகரம்தான். இதை வகுப்பில் எல்லார் முன்னிலையிலும் சொல்லுங்கள். சிரித்த பிள்ளைகளும் ‘இரத்தம்’ என்று எழுதுகிறவர்கள்தானே?

இன்னொன்றும் கவனியுங்கள். ‘புக்கு’, ‘கப்பு’, ‘பஸ்ஸு’ என்று முடிவில் ஓர் உகரம் ஒட்டும். வல்லின மெய் தமிழ்ச் சொல்லின் இறுதியில் நிற்காது. பாட்டு, காது, மூக்கு என்று குற்றியலுகரத்தின் மேல் சாய்ந்தே நிற்கும். அந்தப் பழக்கம்தான் ‘புக்கு’ ஆகிறது. ‘எம்’ என்ற எழுத்தை ‘யெம்’ என்பதும், ‘ஓல்டு’ என்பதை ‘வோல்டு’ என்பதும் அப்படித்தான். எகரத்துக்கு முன் ஒரு மெல்லிய யகரமும் ஒகரத்துக்கு முன் ஒரு மெல்லிய வகரமும் நம் பேச்சில் தானாக வந்துவிடும்.

காரணம் தெரிந்தால் வெட்கம் பாதி போய்விடும். மீதியை எப்படிப் போக்குவது என்பதை ஆங்கிலம் அறிந்தவர்கள் சொல்லட்டும்.

குரல்பயிற்சி_சென்னை

ஐயா சொன்ன காரணம் அருமை. எத்தனையோ பயிற்சி நடத்தியிருக்கிறேன், ‘இரத்தம்’ எனக்குத் தோன்றவே இல்லை.

‘ஸ்கூல்’ சிக்கலுக்கு ஒரு வழி சொல்கிறேன், டீச்சர். உங்கள் பிள்ளைகள் ஒவ்வொரு நாளும் ‘பஸ் ஸ்டாண்டு’ என்கிறார்கள். யாராவது ‘பஸ் இஸ்டாண்டு’ என்கிறார்களா? ‘பஸ்டாண்டு’ என்று ஒரே மூச்சில் வருகிறது. ஆகவே அந்த ஒலிச்சேர்க்கை அவர்கள் வாயில் ஏற்கெனவே இருக்கிறது. ‘பஸ்டாண்டு’ என்று சொல்லச் சொல்லுங்கள். அடுத்த முறை ‘ப’ மட்டும் ஓசையில்லாமல் உதட்டசைவாக இருக்கட்டும். மூன்றாம் முறை அதுவும் வேண்டாம். ‘ஸ்டாண்டு’ தானாக வந்து நிற்கும். பிறகு ‘ஸ்’ என்பதைக் காற்றுப் போவதுபோல் நீட்டி ‘ஸ்ஸ்ஸ்கூல்’, ‘ஸ்ஸ்ஸ்பூன்’ என்று பழகலாம். ஒரு வாரத்தில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வந்துவிடும்.

ஆனால் உங்கள் கேள்வி எதை முதலில் எடுப்பது என்பது. என் பதில் சொல்லழுத்தம். அமெரிக்க வாடிக்கையாளர்களுடன் தொலைபேசியில் பேசும் இளைஞர்களுக்கு 11 ஆண்டுகளாகப் பயிற்சி கொடுக்கிறேன். மறுமுனையில் இருப்பவர் ‘என்ன சொன்னீர்கள்’ என்று கேட்கும் இடங்களைக் குறித்து வைப்பது என் வழக்கம். ‘ஹோட்டல்’ என்பதில் இரண்டாம் அசையை ஓங்கிச் சொல்ல வேண்டும். ‘டெவலப்’ என்பதில் நடு அசையை. நம்மவர்கள் முதல் அசையில் ஓங்குவார்கள், அல்லது எல்லா அசையையும் ஒரே அளவில் தட்டிக்கொண்டு போவார்கள். தமிழுக்கு அது அழகு. ஆங்கிலக் காது அங்கே தடுமாறுகிறது. ‘ஃபோட்டோகிராஃப்’ என்பதில் ஓங்குவது முதல் அசை, ‘ஃபோட்டோகிராஃபர்’ என்றால் இரண்டாம் அசை, ‘ஃபோட்டோகிராஃபிக்’ என்றால் மூன்றாம் அசை. ஒரே குடும்பச் சொற்கள், ஆனால் ஓசை இடம் மாறிக்கொண்டே போகும். ஓங்காத அசைகளில் உயிரொலி தேய்ந்து, அகரமும் இல்லாமல் எகரமும் இல்லாமல் ஒன்றாகிவிடும். ஆங்கிலத்தில் மிக அதிகமாக வரும் உயிரொலி அதுதான். அதற்கென்று அந்த மொழியில் தனி எழுத்தே கிடையாது.

கை தட்டச் சொல்லுங்கள். ஓங்கும் அசைக்குப் பலமாக ஒரு தட்டு, மற்றவற்றுக்கு விரல் நுனியால் மெல்லத் தொடுவது. பத்து நிமிடத்தில் எட்டுச் சொல் முடிக்கலாம்.

புலவர்_தஞ்சை

உயிர் தேய்ந்து ஒலிப்பது நமக்கும் புதிதில்லை. குற்றியலுகரம் அரை மாத்திரை. ஐகாரக் குறுக்கமும் உண்டு. பிள்ளைகள் ஏழாம் வகுப்புக்குள் இவற்றைப் படித்துவிடுவார்கள். ‘காடு’ என்பதன் கடைசி உகரம் எப்படிக் குன்றுகிறதோ அப்படி என்று தொடங்கினால் தமிழ் வகுப்பும் ஆங்கில வகுப்பும் கைகோக்கும்.

இரு பெண்களின் அப்பா

மன்னிக்க வேண்டும், எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. என் பெரிய மகள் அரசுப் பள்ளியில் படித்து, பொறியியல் முடித்து, ஒரு நிறுவனத்தின் நேர்காணலுக்குப் போனாள். எழுத்துத் தேர்வில் தேறியவள். பேசச் சொன்னபோது ‘தேங்க்ஸ்’, ‘திங்க்’ என்று அழுத்தமான தகரத்தில் சொன்னதைக் கேட்டு அவர்கள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்ததாம். அவள் வீட்டுக்கு வந்து அழுதது எனக்கு மறக்கவில்லை.

‘புரிந்தால் போதும்’ என்று நாம் பேசிக்கொள்ளலாம். ஆனால் பணக்காரர் பிள்ளைகளுக்குச் சரியான ஒலி, ஏழைப் பிள்ளைகளுக்குப் புரிந்தால் போதும் என்ற அளவு என்றால் நியாயமா? எல்லா ஒலியையும் முழுமையாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றுதான் நான் கேட்பேன்.

செவிலி_யார்க்‌ஷயர்

அண்ணா, உங்கள் மகளின் கண்ணீர் எனக்குப் புரிகிறது. நானும் அந்த வழியில் வந்தவள்தான். மதுரையில் படித்து, இப்போது வட இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனையில் ஆறாம் ஆண்டாகப் பணிபுரிகிறேன்.

இங்கே வந்த முதல் மாதம் என்னை உண்மையில் சிக்கலில் மாட்டிவிட்ட ஒலிகளைச் சொல்கிறேன். முதலாவது, ஃபகரம். ஒரு நோயாளிக்குக் காபி வேண்டும் என்று சொன்னேன். உடன் வேலை செய்தவர் எந்தத் தாளுக்கு நகல் எடுக்க வேண்டும் என்று கேட்டார். நம் ஊரில் இரண்டுக்கும் ‘காப்பி’தானே. ‘பெயின்’ என்றால் வலி, ‘ஃபெயிண்ட்’ என்றால் மயக்கம். இந்த இரண்டையும் ஒரு செவிலி குழப்பக்கூடாது. மேல் பல் கீழ் உதட்டைத் தொட வேண்டும். பகரத்துக்கு இரண்டு உதடும் ஒட்ட வேண்டும். கண்ணாடி முன் நின்று பத்து நாள் பழகினேன், வந்துவிட்டது.

இரண்டாவது, எண்கள். ‘ஃபிஃப்டீன்’, ‘ஃபிஃப்டி’. பதினைந்தா ஐம்பதா என்பது மருந்தின் அளவில் உயிர்ப் பிரச்சினை. நான் ‘ஃபிஃப்டீன்’ என்பதன் கடைசி அசையை ஓங்காமல் விட்டுவிடுவேன், கேட்பவருக்கு ஐம்பதாக விழும். இப்போது அளவைச் சொன்னபின் ‘ஒன், ஃபைவ்’ என்று இலக்கங்களைத் தனித்தனியாகவும் சொல்கிறேன். இங்குள்ளவர்களும் அப்படித்தான் செய்கிறார்கள்.

‘தேங்க்ஸ்’ என்பதைத் தகரத்தில் சொன்னதால் ஒரு நாளும் ஒருவருக்கும் புரியாமல் போனதில்லை. இந்த ஊர்க்காரர்கள் பேசும் ஆங்கிலமே லண்டன் ஆங்கிலம் மாதிரி இருக்காது. உங்கள் மகளைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு அவள் சொன்னது புரியாமல் இல்லை, அண்ணா. புரிந்துதான் சிரித்தார்கள். அது அவர்கள் குணத்தில் உள்ள குறை.

ஒலியியல்_மாணவி

செவிலி அக்கா சொன்ன வேறுபாட்டை ஆய்வாளர்கள் தனியாகவே பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். கனடாவில் மன்ரோவும் டெர்விங்கும் 1995இல் வெளியிட்ட ஆய்வு, ஒருவருடைய பேச்சில் அயல் சாயல் மிகுதியாக இருந்தாலும் கேட்பவருக்கு அது முழுவதும் விளங்கலாம் என்று காட்டியது. சாயல் வேறு, விளக்கம் வேறு.

2000இல் ஜெனிஃபர் ஜென்கின்ஸ் இன்னும் ஒரு படி மேலே போனார். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத இருவர் அதில் பேசிக்கொள்ளும்போது எந்த ஒலிகள் தவறினால் பேச்சு முறிகிறது என்று பார்த்தார். ‘தேங்க்ஸ்’, ‘திங்க்’ என்பவற்றின் தொடக்கத்தில் வரும் ‘டி-எச்’ ஒலி அவருடைய அவசியப் பட்டியலில் இல்லை. உயிரின் குறில் நெடில் வேறுபாடு, சொல்லின் தொடக்கத்தில் வரும் மெய்க்கூட்டம் (‘ஸ்கூல்’ என்பதன் ‘ஸ்க்’ போல), வாக்கியத்தில் எந்தச் சொல்லை ஓங்குகிறோம் என்பது ஆகியவை இருந்தன.

விமானிகளை நினைத்துப் பாருங்கள். பன்னாட்டு வான்போக்குவரத்து அமைப்பின் விதிப்படி வானொலியில் மூன்றை ‘ட்ரீ’ என்றும், ஆயிரத்தை ‘டவுசண்ட்’ என்றும், ஐந்தை ‘ஃபைஃப்’ என்றும், ஒன்பதை ‘நைனர்’ என்றும் சொல்ல வேண்டும். பல நூறு உயிர்கள் தொங்கும் இடத்தில் அந்த ‘டி-எச்’ ஒலியை நீக்கிவிட்டுத்தான் பேசச் சொல்கிறார்கள்.

ஒரு முரணையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஜென்கின்ஸ் சொல்லழுத்தத்தையும் அவசியமில்லாத பக்கத்தில் வைத்தார். ஆனால் 1969இல் ஹைதராபாத்தில் ஆர். கே. பன்சால் வெளியிட்ட ஆய்வு, இந்தியர் பேசும் ஆங்கிலம் பிறருக்கு விளங்காமல் போவதற்குச் சொல்லழுத்தப் பிழையை முக்கியமான காரணமாகக் காட்டியது. கேட்பவர் யார் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது என்று நான் புரிந்துகொள்கிறேன்.

குரல்பயிற்சி_சென்னை

ஆம், என் மாணவர்களிடம் பேசுபவர்கள் எல்லாரும் அமெரிக்கர்கள். அழுத்தம் தவறினால் அவர்களுக்குச் சொல்லே பிடிபடாது. திண்டுக்கல் பையன் நாளை யாரிடம் பேசப்போகிறான் என்று நமக்குத் தெரியாது. பெங்களூரில் ஒரு வங்காளியிடம் பேசலாம், துபாயில் ஒரு பிலிப்பினோவிடம் பேசலாம். ஆறாம் வகுப்புக்கு அழுத்தம்தான் முதல் என்று நான் அடித்துச் சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன். மெய்க்கூட்டம் முதலில். ஃபகரமும் குறில் நெடிலும் அதனுடன். அழுத்தம் ஏழாம் வகுப்பில்.

புலவர்_தஞ்சை

அப்பா ஐயாவுக்கு ஒரு சொல். அந்த ‘டி-எச்’ ஒலியை விட்டுவிட வேண்டியதில்லை. அதில் பாதி உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. ‘அது’, ‘இது’, ‘பாதி’ என்று இயல்பாகச் சொல்லிப் பாருங்கள். ‘தம்பி’ என்பதில் வரும் தகரம் நாவைப் பல்லில் ஒட்டி விடுகிறது. ‘அது’ என்பதில் வரும் தகரம் ஒட்டுவதில்லை. நாவுக்கும் பல்லுக்கும் இடையே காற்று வழிகிறது. ஆங்கிலத்தில் ‘தட்’, ‘திஸ்’ என்பவற்றின் தொடக்கம் ஏறக்குறைய இந்த இரண்டாம் தகரம்தான்.

ஒலியியல்_மாணவி

ஐயா சொல்வது மிகச் சரி. அப்படியே தொண்டையில் கை வைத்து, அதிர்வை மட்டும் நிறுத்திவிட்டுக் காற்றை விட்டால் ‘தேங்க்ஸ்’ என்பதன் முதல் ஒலி வந்துவிடும். ஐந்து நிமிடப் பாடம்.

இரு பெண்களின் அப்பா

இப்போதே சொல்லிப் பார்த்தேன். ‘அது, அது, தட்.’ சின்னவளும் சொன்னாள், வருகிறது. பத்தாயிரம் ரூபாய் கட்டிச் சேர்ந்த வகுப்பில் இதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. பெரியவளிடம் இன்றிரவே பேசுகிறேன்.

ஒரு சந்தேகம். அகராதியில் சொல்லுக்குப் பக்கத்தில் இருக்கும் குறிகளைப் பிள்ளைகள் கற்க வேண்டுமா?

ஒலியியல்_மாணவி

எல்லாம் வேண்டாம். இரண்டு போதும். ஓங்கும் அசைக்கு முன்னால் மேலே நிற்கும் சின்ன நேர்கோடு ஒன்று. தேய்ந்த உயிருக்குத் தலைகீழாகக் கவிழ்த்த சிறிய ஆங்கில ‘ஈ’ (e) எழுத்து ஒன்று. இந்தக் குறிகளை வகுத்த கழகம் 1886இல் பாரிஸில் தொடங்கியது. தொடங்கியவர்கள் பால் பாஸியும் அவரைச் சேர்ந்த மொழி ஆசிரியர்களும்தான். வகுப்பறைக்காகப் பிறந்த குறிகள் அவை, பயப்பட வேண்டாம்.

யாழ்_ரீச்சர்

வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். என் பெயரிலேயே ஒரு பாடம் இருக்கிறது. நீங்கள் ‘டீச்சர்’ என்று எழுதுகிறீர்கள், நாங்கள் ‘ரீச்சர்’ என்று எழுதுகிறோம், ‘டிக்கெட்’ எங்களுக்கு ‘ரிக்கற்’, டொராண்டோ ‘ரொறன்ரோ’. தமிழ்நாட்டு நண்பர்கள் இதை எழுத்துப் பிழை என்று நினைப்பதுண்டு. ஆங்கிலத்தின் அந்த ஒலிக்கு நாக்கை உள்ளே மடிக்கக்கூடாது. நுனியை நேராக நீட்டி, மேல் பல்லுக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் தட்ட வேண்டும். ‘காற்று’, ‘வெற்றி’ என்பவற்றை எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்லும்போது நாக்கு அங்கேதான் தட்டும். அதனால் எங்கள் பெரியவர்கள் டகரத்தை விட்டு றகர, ரகரங்களால் எழுதினார்கள்.

விளங்குவதற்கு இது அவ்வளவு முக்கியமில்லை என்பது உண்மை. மடித்த நாக்கால் சொன்னாலும் உலகத்துக்கு விளங்கும். ஆனால் ஒரு சொல்லுக்குள் நாக்கு எந்த இடத்தில் தொடுகிறது என்று பிள்ளைகள் கவனிக்கப் பழகுவார்கள். தொல்காப்பியத்தில் பிறப்பியல் என்று ஓர் இயலே இதற்கு இருக்கிறது என்று புலவர் ஐயா சொல்லுவார்.

2009இல் இங்கு அரசாங்கம் ஆங்கிலத்தை நம் வழியில் பேசுவோம் என்ற முழக்கத்துடன் ஓர் இயக்கம் நடத்தியது. அதற்கு எதிராகவும் பலர் பேசினார்கள், தரம் குறைந்துவிடும் என்று. என் வகுப்பில் நான் கண்டது, பிழைக்குப் பயப்படாத பிள்ளை பேசிப் பேசித் திருந்துகிறது என்பதைத்தான். பயந்த பிள்ளையைத் திருத்துவதற்கு அதன் வாயிலிருந்து ஒன்றும் வருவதில்லையே.

கரும்பலகை

எல்லாருக்கும் நன்றி. இன்னொன்று கேட்க வேண்டும். என் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் ஆங்கிலச் சொல்லுக்குக் கீழே பென்சிலால் தமிழில் எழுதி வைத்துக்கொள்கிறார்கள். கடையில் விற்கும் உரைநூல்களிலும் அப்படித்தான் இருக்கிறது. தடுப்பதா, விடுவதா?

குரல்பயிற்சி_சென்னை

தடுக்க வேண்டும் என்பேன். முதுகு, பை, மூட்டை கட்டுவது, அடுமனையில் சுடுவது ஆகிய நான்குக்கும் உள்ள ஆங்கிலச் சொற்களைத் தமிழில் எழுதிப் பாருங்கள். நான்கும் ‘பேக்’தான். விலையும் ‘பிரைஸ்’, பரிசும் ‘பிரைஸ்’. அந்தப் பென்சில் எழுத்தைப் பார்த்துப் படிக்கும் பிள்ளை நான்கையும் ஒன்றாகவே சொல்லும்.

புலவர்_தஞ்சை

தம்பி, அந்தப் பென்சில் அவர்களுக்கு ஊன்றுகோல். பிடுங்கினால் விழுந்துவிடுவார்கள். கோலைச் சரிசெய்து கொடுக்கலாம். பழைய சுலோகப் புத்தகங்களைப் பார்த்திருப்பீர்கள். வடமொழியின் நான்கு ககரங்களைக் காட்ட க, க², க³, க⁴ என்று எண் போட்டு அச்சிட்டிருப்பார்கள். பிள்ளைகள் எண் போட வேண்டாம். அதிர்வோடு வரும் எழுத்தைச் சுற்றி ஒரு வட்டம் போடட்டும். பசுவின் பாலுக்கு வெறும் ‘ப’. விளையாடும் பந்துக்கு ஆங்கிலத்தில் சொல்கிற ‘பால்’ என்றால் வட்டமிட்ட ‘ப’. இந்த இரண்டையும் பிள்ளைகள் பேச்சில் ஒருபோதும் குழப்புவதில்லை. அவர்கள் காதுக்கு வேறுபாடு தெரியும், நம் எழுத்தில்தான் அதற்கு இடமில்லை.

ஒலியியல்_மாணவி

வட்டம் நல்ல யோசனை. சொல்லின் முடிவில் மட்டும் வேறு ஓர் உத்தி வேண்டும். முதுகு ‘பேக்’, பை ‘பேக்’ இரண்டிலும் கடைசி மெய்யை விட உயிரின் நீளம்தான் கேட்பவருக்கு அடையாளம். பைக்கு உயிரைச் சற்று நீட்ட வேண்டும், முதுகுக்கு வெட்டிவிட வேண்டும். மாத்திரை அறிந்த பிள்ளைகளுக்கு இது உடனே பிடிபடும்.

‘புக்கு’ பிரச்சினைக்கும் ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். தனிச் சொல்லாகப் பழக்காமல், உயிரில் தொடங்கும் அடுத்த சொல்லோடு சேர்த்துப் பழக்குங்கள். ‘புக் ஆன்’ என்பதைப் ‘புகான்’ என்று. உகரத்துக்கு அங்கே இடமே இருக்காது.

புலவர்_தஞ்சை

மெய்யின்மேல் உயிர் வந்து ஒன்றும். நன்னூல் புணர்ச்சி விதி! ஆங்கிலேயனும் அப்படித்தான் சேர்த்துப் பேசுகிறானா? இத்தனை வயதில் இது எனக்குப் புதுச் செய்தி, மிக்க மகிழ்ச்சி மகளே.

கரும்பலகை

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

முதல் நாள் ஆங்கிலப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. கரும்பலகையில் ரத்தம், லாபம், ராமன் என்று எழுதி, தமிழ்ப் புத்தகத்தில் எப்படி இருக்கும் என்று கேட்டேன். பிள்ளைகள் இரத்தம், இலாபம், இராமன் என்றார்கள். அருகில் ‘ஸ்கூல்’ என்று எழுதினேன். பின்வரிசையில் ஒரு பெண் தானாகவே “அப்படியென்றால் அவன் சொன்னது இதே மாதிரிதான், டீச்சர்” என்றாள். அவன் தலையைத் தூக்கிப் பார்த்தான்.

பிறகு ‘பஸ்டாண்டு’. வகுப்பே சேர்ந்து சொன்னதால் அவனும் சொன்னான். அந்த வாரம் தனியாக யாரையும் எழுப்பவில்லை. இரண்டாம் வாரம், கடைத்தெருவில் ‘ஸ்’ என்று தொடங்கும் பலகைகளை எழுதிவரச் சொன்னேன். ஸ்டோர்ஸ், ஸ்டூடியோ, ஸ்வீட்ஸ், ஸ்டேஷனரி, ஸ்பேர் பார்ட்ஸ், ஸ்டீல்ஸ். அவன் அப்பா பேருந்து நிலையத்தில் பழக்கடை வைத்திருக்கிறார். அவன் 14 சொற்களோடு வந்தான், வகுப்பில் அதுதான் அதிகம். அவனே எழுந்து வாசித்தான். 12 சரியாக வந்தன. ‘ஸ்டேஷனரி’யில் இகரம் திரும்ப வந்தது, ‘ஸ்பிரிங்’ என்பதில் நாக்கு இடறியது. யாரும் சிரிக்கவில்லை. பக்கத்திலிருந்தவன் “பஸ்டேஷனரி என்று சொல்லிப் பாருடா” என்று எடுத்துக் கொடுத்தான்.

‘ஸ்பிரிங்’ போல மூன்று மெய் சேர்ந்து வருவதற்கு ஏதாவது வழி உண்டா? திங்கட்கிழமை அதைத்தான் எடுக்கப் போகிறேன். செவிலி அக்காவின் பதினைந்து, ஐம்பது விளையாட்டுக்கும் எண் அட்டைகள் வெட்டி வைத்திருக்கிறேன்.

குரல்பயிற்சி_சென்னை

பின்னாலிருந்து கட்டுங்கள், டீச்சர். ‘ரிங்’, ‘ப்ரிங்’, ‘ஸ்ப்ரிங்’. மோதிரம் ‘ரிங்’ எல்லாருக்கும் தெரிந்த சொல். ‘ஸ்ட்ரீட்’ என்பதற்கு ‘ட்ரீட்’, ‘ஸ்க்ரூ’ என்பதற்கு ‘க்ரூ’. ஒவ்வொரு படியிலும் மூன்று முறை நின்று, பிறகு அடுத்த படிக்கு ஏற்றுங்கள். ‘ப்ரிங்’ என்ற இடத்தில் சில பிள்ளைகள் ‘பிரிங்’ என்று இகரம் சேர்ப்பார்கள். அங்கேயே கொஞ்சம் நேரம் தங்கினால் போதும்.